வயிற்றை வெட்டும் முன் கேட்ட கேள்விகள்

லிஃப்டுக்குள் ஒரு சின்னத் தகடு பதித்திருப்பார்கள். ‘எட்டு பேர், 544 கிலோ’ என்று அதில் இருக்கும். ஏறி இறங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பிழைப்பு. பதினெட்டு வருடமாகப் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். 544-ஐ எட்டால் வகுத்தால் 68 வரும். ஒரு ஆள் என்றால் 68 கிலோ என்பது எங்கள் தொழிலில் கணக்கு. போன வருடம் பொம்மனஹள்ளியில் சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் எடை மெஷின்மேல் நின்றேன். 136 காட்டியது. சரியாக இரண்டு ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூட வந்திருந்த என் மனைவி சுமதி சிரிக்கவில்லை.

டாக்டரிடம் போக இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, வேலை. லிஃப்ட் ஏறி இறங்கும் சுவர்களுக்கு நடுவே, கடைசித் தளத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருக்கும். அதில் இறங்கித்தான் ஸ்பிரிங்கையும் கயிற்றையும் பார்க்க வேண்டும். ஒரு அபார்ட்மெண்டில் அப்படி இறங்கியவன் ஏற முடியாமல் நின்றுவிட்டேன். இரும்பு ஏணியில் இரண்டு படி ஏறுவேன், மூட்டு மடங்காது, மூச்சு முட்டும், மறுபடி கீழே வருவேன். கடைசியில் என்னோடு வேலை செய்யும் நாகராஜும் இரண்டு செக்யூரிட்டிகளும் என் அக்குளுக்கு அடியில் பெல்ட்டைக் கொடுத்து இழுத்தார்கள். குடியிருப்பவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அடுத்த வாரமே கம்பெனி என்னை ஃபோன் மேஜைக்கு மாற்றிவிட்டது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது என்று கேட்டு எழுதிக்கொண்டு வேறொருவனை அனுப்புவதுதான் அங்கே என் வேலை.

இன்னொன்று ஓசூர் ரோட்டில் நடந்தது. சிக்னலில் வண்டியை நிறுத்தியவன் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில் விழித்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. காலை பதினோரு மணி வெயிலில் நடந்தது இது.

சர்க்கரை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி யோசியுங்கள் என்றார். பட்டினி கிடந்து எடை குறைத்தவன்தான் நானும். இரண்டு தடவை பதினான்கு கிலோ இறங்கியது, இரண்டு தடவையும் அது திரும்பி வந்தது, வரும்போது கூடவே இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஓசூரிலிருக்கும் என் அக்கா ஃபோனில், “வாயக் கட்டத் துப்பில்லாம வயித்த அறுத்துக்கப் போறியாடா?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் டாக்டர் ஒரு பெண்மணி. கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஒரு தாளில் படம் போட்டார். பலூன் போன்ற வயிற்றை நேர்க்கோட்டில் வெட்டி, முக்கால் பங்கை எடுத்துவிடுவார்களாம். மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு.

“வெட்டின எடத்த எப்படி மேடம் மூடுவீங்க?”

“ஸ்டேப்ளர். ஆபீஸ்ல பேப்பர் குத்தற மாதிரிதான், ஆனா மூணு வரிசை. வெட்டறதும் தைக்கறதும் ஒரே டூல்.”

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அந்த ஸ்டேப்ளரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் கையில் கொடுத்தார். நீளமான மூக்கு, பிடியில் ஒரு விசை. அழுத்தியபோது உள்ளே பற்சக்கரம் நகரும் சத்தம் கேட்டது. நல்ல வேலைப்பாடு.

“இது கசிஞ்சா?” என்றேன்.

சுமதி என் முழங்கையை இடித்தாள். டாக்டர் அதைக் கவனித்துச் சிரித்தார்.

“கேக்கட்டும் மா. நோடி, பாருங்க குமரேசன், கசியலாம். அபூர்வம், ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். மூடினதும் உள்ள காத்து அடைச்சு, வெளிய தண்ணி விட்டு, குமிழி வருதான்னு பாப்போம்.”

“பஞ்சர் கடையில ட்யூப முக்கிப் பாக்கற மாதிரியா?”

“அதேதான். அப்புறமும் சில வாரம் கண்ணு வெச்சிக்கணும். ஜுரம், நாடி வேகமா ஓடறது, எடது தோள்ல வலி. இதுல எது வந்தாலும் ஒடனே சொல்லணும்.”

இடது தோள் என்பதை மட்டும் மனசு தனியாகக் குறித்துக்கொண்டது.

வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைக் கிளப்பும் ஒரு சுரப்பு அதிகமாக உண்டாகிறது என்றும் சொன்னார். அது போய்விட்டால் பசி அடங்கும். எனக்கு இது புதுச் செய்தி. பசி என்பது வயிறு காலியானால் வருவது என்றுதான் நாற்பத்து மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அதற்கென்று உள்ளே ஒருவர் உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டிருக்கிறார் என்று யார் கண்டது?

பரிசோதனைகள் ஒரு வாரம் நடந்தன. எண்டோஸ்கோப்பி என்றால் நுனியில் கேமரா வைத்த குழாயை வாய் வழியாக இறக்கி வயிற்றைப் பார்ப்பது. தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்தார்கள். மயக்கம் வேண்டாம், திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பல்லுக்கிடையே பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய என் வயிற்றை நான் பார்த்தேன். அழுக்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குழந்தையின் ஈறு போல இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. இதில் முக்காலை எடுத்து எறியப்போகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வியாதி இருக்கும் உறுப்பை வெட்டினால் சரி. இது ஒரு தப்பும் பண்ணாத வயிறு.

தூக்கப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். விரலில் ஒன்று, மூக்கடியில் ஒன்று மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். தூக்கத்தில் தொண்டைச் சதை அடைத்துக்கொண்டு என் மூச்சு அடிக்கடி நின்றுவிடுகிறது என்று முடிவு வந்தது. சிக்னலில் தூங்கியதற்கு அதுதான் காரணம். ஆபரேஷன் முடியும்வரை தினமும் காற்றைத் தள்ளும் முகமூடி மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். நான் இரண்டு நாள் போட்டேன். மூக்கு வறண்டது. கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்க வேண்டியிருந்தது. என்னைவிட வயதில் சின்னவர். பசி இல்லாமல் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சுமதி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, உண்மையைச் சொன்னேன். வேலை முடிந்து வரும் வழியில் பேக்கரியில் நின்று மூன்று முட்டை பஃப்ஸ் சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடாதவன் போல மறுபடி சாப்பிடுவேன். பல வருடமாக இப்படித்தான். ஆலோசகர் எழுதிக்கொண்டார். சுமதி தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். ஆட்டோவில் வரும்போது, “பஃப்ஸ் வாங்கற பேக்கரி எது?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “அங்க தேங்கா பன்னுதான் நல்லாருக்கும்” என்றாள்.

நாள் குறித்தாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் ஒப்புதலும் வந்துவிட்டது. கடைசி ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது காத்திருக்கும் இடத்தில் மேரி அக்காவைப் பார்த்தேன். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். இதே ஆபரேஷனை ஆறு வருடத்துக்கு முன்னால் செய்துகொண்டவராம், வருட செக்கப்புக்கு வந்திருந்தார். நான் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன்.

“நாப்பது கிலோ எறங்குச்சு தம்பி. அப்புறம் பதினஞ்சு ஏறிடுச்சு.”

“ஏன்க்கா? பசி போய்டும்னாங்களே?”

“பசி போய்டும். ஆச எங்க போவும்? என் வூட்டுக்காரரு செத்துப்போன வருஷம் எனக்கு ஐஸ்கிரீம்தான் எறங்குச்சு. அது இந்தச் சின்ன வயித்துல வழுக்கிக்கினு போய்டும், தெரியுமா?”

“அப்ப தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டீங்களா?”

“பண்ணியிருப்பேன். சுகர் ஊசி நின்னுச்சு. மாடியேறி ஸ்டாக் எடுக்கறேன். ஆனா நீ கேட்டியே, அதுக்குப் பொய் சொல்லக் கூடாது பாரு.”

அவர் சொன்னதில் பாதி நல்ல செய்தி. எனக்கு அந்தப் பதினைந்து கிலோ மட்டும்தான் காதில் நின்றது. எல்லாம் செய்து, வயிற்றையும் பறிகொடுத்து, மறுபடியும் தோற்றால்? மூன்று நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். நான்காம் நாள் ஆபீஸிலிருந்து மருத்துவமனைக்கு ஃபோன் செய்து ஜுரம் என்று சொல்லித் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை.

மருத்துவமனையில் ஃபோனை எடுத்த பெண் அக்கறையாகச் சுமதியின் நம்பருக்கு அழைத்து, ஜுரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சுமதி ஃபேக்டரிப் புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். என்னிடம் சத்தமே போடவில்லை.

“ஜுரமா உங்களுக்கு?”

“பயமா இருக்கு சுமதி.”

“எனக்கும்தான் பயம். ஆனா எனக்கு ஆபரேஷன் பயம் ஒரு நாள் பயம்ங்க. மத்தது தெனமும்.”

“மத்தது எது?”

“தூங்கறப்ப உங்க மூச்சு நிக்குது. மெஷின் வெச்சு இப்பதான் கண்டுபுடிச்சாங்க. எனக்கு நாலு வருஷமாத் தெரியும். நின்ன ஒடனே எண்ண ஆரம்பிப்பன். பத்து, பதினஞ்சு. இருபத்தெட்டு வரைக்கும் எண்ணியிருக்கறன். முப்பது வந்தா எழுப்பிடணும்னு வெச்சிருக்கறன்.”

ஒரே கட்டிலில் இத்தனை வருடம் இது நடந்திருக்கிறது.

“ஏன் சொல்லல?”

“சொன்னா கொறட்டன்னு சிரிப்பீங்க.” எழுந்து சமையலறைப் பக்கம் போனவள் வாசலில் நின்றாள். “வேணாம்னா வேணாம், நான் தள்ள மாட்டன். ஆனா ஜுரம்னு பொய் சொல்லாதீங்க.”

அன்று அலமாரிமேல் இருந்த முகமூடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் என் மகள் நிவேதாவின் பழைய நோட்டில் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். அவள் பியூசி இரண்டாம் வருடம், நம்மூர் பிளஸ் டூ மாதிரி, உயிரியல் படிக்கிறாள். “அப்பா, இது நல்ல கேள்வி”, “இது எங்க புக்லயே இருக்கு” என்று சொல்லிச் சிலவற்றை அடித்தாள். முப்பத்தொன்றில் இருபது மிஞ்சியது.

மயக்க மருந்து டாக்டர் அந்த இருபதையும் பொறுமையாகக் கேட்டார். மைசூர்க்காரர், குள்ளமானவர், மெதுவாகப் பேசுவார். நான் கடைசியாக, எழுதாத ஒன்றைக் கேட்டேன்.

“லிஃப்ட் அறுந்து விழும்னு எல்லாரும் பயப்படுவாங்க சார். எனக்கு அந்தப் பயமே கெடையாது. எதெது எப்படிப் புடிச்சிருக்குன்னு தெரியும். இங்க நான் தூங்கிட்டா என்ன யாரு புடிச்சிருக்காங்கன்னு தெரியல.”

“நான்” என்றார் அவர். “உங்க தலமாட்டுல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருப்பேன். முழுக்க. மூச்ச மெஷின் விடும், மெஷின நான் பாப்பேன். விரல்ல ஆக்சிஜன், குழாயில வர்ற காத்து, ரெண்டும் திரையில ஓடும். ஒங்க பயம் நியாயமானது. உங்கள மாதிரி தூக்கத்துல மூச்சு அடைக்கறவங்களுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடுதல்தான்.” பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். “என் வேலைய நான் சொல்லிட்டேன். உங்க வேல ரெண்டு. தெனம் முகமூடி. தெனம் நடை. ஒரு மாசம் செஞ்சிட்டு வாங்க. செய்யலன்னா நானே வேணாம்பேன்.”

பயத்துக்குச் செய்வதற்கு வேலை கொடுத்தால் அது கொஞ்சம் அடங்குகிறது. இதை நான் அந்த ஒரு மாதத்தில் கண்டுபிடித்தேன். ஆபீஸ் முடிந்ததும் நாகராஜ் என்னோடு நடக்க வருவான். “பா குரு, வா, இன்னும் ஒரு கம்பம்” என்று கரண்டுக் கம்பங்களை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டு போவான். இரண்டாவது வாரத்தில் சிக்னலில் நிற்கும்போது எனக்குக் கொட்டாவியே வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் வெறும் திரவ உணவு. கொழுப்பு ஏறிய ஈரல் அதில்தான் சுருங்குமாம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியிலிருக்கும் வயிற்றில் வேலை செய்ய வேண்டும். அதற்கேற்பச் சர்க்கரை மாத்திரையையும் குறைத்தார்கள். நிவேதா தாளிப்பு வாசனை வராமல் இருக்க சமையலறைக் கதவின் அடியில் துணியைச் செருகினாள். அம்மாவும் மகளும் மொட்டை மாடிக்குத் தட்டை எடுத்துப் போய்ச் சாப்பிட்டார்கள். நாகராஜ் என் மேஜைப் பக்கம் டிபன் பாக்ஸைத் திறப்பதையே விட்டான். இத்தனையும் இருந்து, நான்காம் நாள் என் கால்கள் பேக்கரி முன்னால் நின்றன. இரண்டு பஃப்ஸ். இரண்டாவதை விழுங்கும் முன்பே சுமதிக்கு ஃபோன் செய்தேன்.

“ரெண்டு பஃப்ஸ் தின்னுட்டன்.”

எதிர்முனையில் தையல் மெஷின்கள் இரைந்தன. “சரி. அங்கேர்ந்து கெளம்புங்க மொதல்ல” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பத்து நாளும் தவறவில்லை.

ஆபரேஷன் நாளன்று காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்து லிஃப்டுக்குக் கொண்டுபோனார்கள். மேல் மாடியில் அது தரைமட்டத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. வண்டிச் சக்கரம் தடுக்கி எகிறியது. “லெவலிங் சரியில்ல, சர்வீஸ்காரன வரச் சொல்லுங்க” என்று தள்ளியவரிடம் சொன்னேன். “மொதல்ல உங்க சர்வீஸ் முடியட்டும் சார்” என்றார். தியேட்டருக்குள் பயங்கரக் குளிர். தலைமாட்டில் ஸ்டூல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இருந்தது. அவர் உட்கார்ந்திருந்தார்.

விழித்தபோது நாக்கு அட்டை போல இருந்தது. ஒன்றும் தெரியவில்லை, நேரம் போனதே தெரியவில்லை. சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தேன். பிறகு இடது தோளில் வலி ஆரம்பித்தது. குத்தி இழுக்கும் வலி. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கசிவு என்றே முடிவு செய்துவிட்டேன். நர்ஸ் வந்து நாடி பார்த்தார், ஜுரம் பார்த்தார், உடனே டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் வரும்வரை சுமதி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியும் ஜுரமும் குறித்த அட்டையைப் பார்த்தார். “நாடி நார்மல். ஜுரம் இல்ல. வயிறு மெத்துனு இருக்கு. இது கேஸ்.” வேலை செய்ய இடம் வேண்டும் என்று வயிற்றறையை வாயு அடைத்து உப்பவைப்பார்களாம். அதில் கொஞ்சம் தங்கி, மூச்சுக்குப் பயன்படும் தசையை உரசும். அந்தத் தசையின் நரம்பு தோளில் வலிப்பது போலக் காட்டும். “ரெண்டுக்கும் தோள்தான் வலிக்கும். அதனாலதான் நாடியும் ஜுரமும் சேத்துப் பாக்கறோம். நீங்க கூப்பிட்டது சரி. எழுந்து நடங்க, போய்டும்.” நடந்தேன். ஒரு கையில் டிரிப்ஸ் கம்பி, மறு கையில் சுமதி. நான்கு தடவை வராந்தாவை அளந்த பிறகு வலி தளர்ந்தது.

நடக்கும்போது சுமதி சொன்னாள், “வெட்டி எடுத்தத காட்டனாங்க. ட்ரேல வெச்சு.”

“எப்படி இருந்துச்சு?”

“மடிச்சு வெச்ச ஈரத் துண்டு மாதிரி. பாவமா இருந்துச்சுங்க. போட்டதெல்லாம் வாங்கிக்கிச்சு, அது என்ன பண்ணும்?”

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை மருந்து மூடியளவு தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு, பிறகு மசித்த பருப்பு என்று வாரக்கணக்கில் நகர்ந்தது. ஐந்தாம் வாரம் அவசரமாக இரண்டு வாய் தின்று வாந்தி எடுத்தேன். தலைமுடி கொட்டியது, இப்போதுதான் நின்றிருக்கிறது. சத்து மாத்திரைகளை ஆயுசுக்கும் போட வேண்டும். எட்டு மாதம் ஆகிறது. நூற்றொரு கிலோ இருக்கிறேன். போன மாதம் கம்பெனி மறுபடி வெளிவேலைக்கு அனுப்பியது, முதல் நாளே குழிக்குள் இறங்கினேன், ஏறினேன். பேக்கரி வாசனை இன்னும் இழுக்கிறது. மேரி அக்கா சொன்னது நிஜம். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது, இழுக்கும் நாட்களில் கூப்பிடுவேன்.

நான் எதிர்பாராத ஒன்று நேரம். முன்பு நான்கு இட்லியை ஐந்து நிமிடத்தில் முடித்து எழுந்துவிடுவேன். இப்போது ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே போகாது. அந்த இருபது நிமிடமும் எதிரே இருப்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை காலை சுமதி பேசிக்கொண்டிருந்தாள். அவள் லைனில் வேலை செய்யும் பெண்கள், திரும்பி வந்த சட்டைகள், புது மேனேஜர்.

“திருப்பூர்ல மூணு மாசம் ட்ரெய்னிங். முடிச்சா ஃப்ளோர் இன்சார்ஜ்” என்றாள். “முன்ன ரெண்டு தடவ கேட்டாங்க, வேணாம்னுட்டன். இப்ப மறுபடி கேக்கறாங்க.”

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்க வாயைத் திறக்கப் போனேன். பிறகு, என் மூச்சு நின்றால் இருபத்தெட்டு வரை எண்ணிக்கொண்டு கிடந்தவள் எப்படி மூன்று மாதம் ஊருக்குப் போயிருப்பாள் என்று நானே புரிந்துகொண்டேன். வாய் நிறைய இட்லி இருந்தது.

“மென்னு முடிங்க” என்றாள். “அவசரமில்ல.”

மென்றேன். அவள் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, கையைக் கழுவாமல் காத்திருந்தாள். முழுசாக விழுங்கிய பிறகு கேட்டேன்.

“என்னைக்கு கெளம்பணும்?”